கைக்கெட்டும் தோட்டம்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில் தோப்பும்படி என்றோர் ஊர் உண்டு. வில்லிங்டன் தீவிலிருந்து பாலம் கடந்து மட்டாஞ்சேரிப் பக்கம் செல்வோர் முதலில் கால் வைக்கும் இடம் அது. அப்பெயர் எவ்வாறு வந்தது என்னும் ஆராய்ச்சி நமக்கு இங்கு வேண்டுவதில்லை. தமிழ்க் காதில் அது தோப்பு என்றும் படி என்றும் இரண்டு சொற்களாக ஒலிக்கிறது. இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்விரு சொற்களும் பொருத்தமானவை. தோப்பு இருக்கிறது, அதற்குப் போகும் வழியில் படியும் இருக்கிறது. இருபது வயதினருக்கு அந்தப் படி ஒரு பொருட்டன்று. எண்பது வயதினரைத் தோப்பிலிருந்து பிரித்து வைக்க அந்த ஒரு படியே போதும்.

முதியோர் இல்லங்களில் வாழ்வோர் தம் கையால் செடி வளர்க்கக்கூடிய தோட்டத்தைப் பற்றியே இங்கு கூற முற்படுகிறேன். இத்தகைய தோட்டத்திற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை அரசாங்க மொழிபெயர்ப்பில் ‘அணுகத்தக்க தோட்டம்’ என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதைவிட எளிய ஒரு தமிழ்ச்சொல் முன்பே இருப்பதாகத் தோன்றுகிறது. எட்டுவது, எட்டாதது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். கைக்கெட்டும் தோட்டம் என்றால் யாருக்கும் விளங்கும்.

கொச்சிக்கு இந்தப் பொருளில் ஒரு பழைய உரிமை உண்டு. கடலும் காயலும் சூழ்ந்த இந்தத் தாழ்நிலத்தில் மண்ணை உயர்த்தாமல் எதையும் வளர்க்க முடியாது. எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கரையோர வயல்களில் விளையும் பொக்காளி நெல்லே இதற்குச் சான்று. கோடையில் அவ்வயல்களில் உப்பு நீர் நிற்கும். மழைக்கு முன்பாக உழவர்கள் வயலின் சேற்றைச் சிறு சிறு மேடுகளாகக் குவிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை பெய்து மேட்டிலுள்ள உப்பைக் கழுவி வடித்துவிடும். பிறகு அம்மேட்டின் தலையில் விதைப்பார்கள். நாற்று எழுந்ததும் மேட்டை வெட்டிச் சிதறி, நாற்றோடு கூடிய மண்ணை வயலெங்கும் பரப்புவார்கள். 2008 ஆம் ஆண்டில் இந்நெல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பகுதியின் தென்னையும் பெரும்பாலும் உயர்த்திய வரப்புகளில் நிற்பதே. வில்லிங்டன் தீவின் பெரும்பகுதியும் அவ்வாறு உயர்த்திய மண்தான். 1920 இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்திற்காகக் காயலை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது.

உப்பிலிருந்து செடியைக் காப்பாற்ற மண்ணை உயர்த்துவது இவ்வூரார் அறிந்த கலை. முதுமையின் குனிய முடியாத முதுகையும் மடங்காத முழங்காலையும் காப்பாற்ற அதே மண்ணை இன்னும் இரண்டடி உயர்த்தினால் போதும். கைக்கெட்டும் தோட்டத்தின் தொழில்நுட்பம் முழுவதும் இவ்வளவே. ஆயினும் இந்த எளிய எண்ணம் உலகத்தாருக்குத் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1663 இல் டச்சுக்காரர்கள் போர்த்துகேசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் மலபாரின் டச்சு அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இந்நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெருநூல் தொகுக்க முனைந்தார். அதுவே 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ்’. அதில் 742 தாவரங்கள் கூறப்படுகின்றன. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன் தம் குடும்பத்துச் சுவடியிலும் நினைவிலும் இருந்தவற்றைக் கூற, ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூவரும் உடனிருந்து உழைக்க, அந்நூல் உருவாயிற்று. இந்நிலத்தின் தாவர அறிவு முதலில் மனிதர்களின் நினைவில் இருந்தது என்பதையும், அச்சுக்கு வந்தது பின்னரே என்பதையும் இது காட்டுகிறது. இன்றும் எந்த முதியோர் இல்லத்திலும் இத்தகைய அறிவு அமைதியாக அமர்ந்திருக்கிறது. எந்த இலை எந்த வயிற்றுவலிக்கு, எந்த மாதத்தில் எந்த விதை என்பதெல்லாம் அறிந்தவர்கள் அங்கே பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்த டச்சுக்காரர்களின் தாய்நாட்டில் அக்காலத்திலேயே முதியோருக்கான தரும இல்லங்கள் இருந்தன. ‘ஹோஃபியே’ என்று அவற்றிற்குப் பெயர். நடுவில் ஒரு முற்றத்துத் தோட்டம். அதைச் சுற்றிச் சிறு சிறு வீடுகள். அவற்றில் பெரும்பாலும் ஆதரவற்ற வயது முதிர்ந்த பெண்கள். ஹார்லம் நகரில் 1395 இல் ஏற்பட்ட பாகெனெஸ் இல்லம் இவற்றுள் மிகப் பழையது. ஒவ்வொரு வாயிலும் தோட்டத்தை நோக்கித் திறப்பதே இவற்றின் சிறப்பு. இங்கிலாந்தில் 1682 இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் ஏற்படுத்திய செல்சீ இல்லம் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கானது. அங்குள்ள முதியவர்கள் தாமே பயிர்செய்யும் சிறு தோட்டத் துண்டுகளும் உண்டு.

நம் நாட்டிலும் பிணியாளர் பராமரிப்பும் செடியும் நெருங்கியே இருந்தன. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையைக் குறிப்பிடுகிறது. பதினோராம் நூற்றாண்டினதாகிய அக்கல்வெட்டு, வைத்தியரோடும் பணிப்பெண்களோடும் மூலிகை கொண்டுவருவோருக்கும் ஊதியம் வகுத்திருக்கிறது. கோயில் நந்தவனங்களைக் காப்பவர்களுக்கு நிலம் விடப்பட்ட செய்தியைப் பல கல்வெட்டுகளில் காணலாம். பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்துப் பணி செய்ததாக வரலாறு கூறும்.

இங்கு திருநாவுக்கரசரை நினையாமல் இருக்க முடியாது. கோயில்களில் நாம் காணும் அவருடைய திருவுருவத்தில் உழவாரம் என்னும் கருவி உண்டு. புல்லைச் செதுக்கித் தளத்தைத் தூய்மை செய்யும் படை அது. அப்பர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. இறுதிவரை உழவாரப் பணியை விடவில்லை என்பதும் மரபு. முதியவர் ஒருவரைத் தமிழ்நாடு நினைவில் வைத்துக்கொண்ட கோலம் இது. ஊன்றுகோலோ சாய்வு நாற்காலியோ இல்லை. கையில் ஒரு தோட்டக்கருவி. முதுமைக்கு வேலை உண்டு, அவ்வேலையில் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

பின்னர் வந்த காலம் வேறாக அமைந்தது. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சென்னையில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். 1812 இல் அதே நகரில் ஆதரவற்றோருக்காகத் தோன்றியது ‘பிரண்ட்-இன்-நீட்’ சங்கம். பசியால் வாடியோருக்கு முதலில் சோறும் கூரையும் கொடுப்பதே அறம். அதில் குறைகாண்பதற்கில்லை. ஆயினும் அந்நூற்றாண்டின் தரும இல்லங்களில் தோட்டம் இரண்டு விதமாயிற்று. ஒன்று, இங்கிலாந்தின் ஏழைவிடுதிகளில் இருந்தது போல, உண்ட சோற்றுக்கு ஈடாக வாங்கப்படும் உழைப்பு. மற்றொன்று, பெரிய மனிதர்கள் வந்து பார்த்துச் செல்வதற்காக முன்வாயிலில் அமைந்த பூஞ்செடிப் பாத்தி. முதலாவதில் முதியவருக்கு விருப்பம் இல்லை. இரண்டாவதில் அவருக்கு வேலையே இல்லை. இவ்விரண்டும் இன்றளவும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

மூன்றாவது வழி இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. இரண்டு உலகப் போர்களிலும் கைகால் இழந்து திரும்பிய வீரர்களை மீண்டும் வாழ்வுக்குப் பழக்குவதற்கு மருத்துவர்கள் பல முறைகளைத் தேடினர். தோட்டவேலை அவற்றுள் ஒன்று. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹவர்ட் ரஸ்க் நிறுவிய மருத்துவ நிலையத்தில், 1959 இல், எனிட் ஹாப்ட் அம்மையாரின் கொடையால் ஒரு கண்ணாடித் தோட்டம் எழுந்தது. சக்கர நாற்காலியில் இருப்போர் உள்ளே வந்து செடிகளைத் தொட்டு வளர்க்கும்படி அது அமைந்திருந்தது. 2012 இல் சாண்டிப் புயலின் வெள்ளத்திற்குப் பின் அது மூடப்பட்டது. எனினும் அரை நூற்றாண்டுக் காலம் அது கற்பித்த பாடம் நிலைத்துவிட்டது. செடியிடம் மனிதன் குனிந்து போக இயலாவிட்டால், செடியை மனிதனிடம் உயர்த்திக் கொண்டுவரலாம்.

உயரம் ஒன்று மட்டும் போதுமா என்னும் கேள்விக்கு 1976 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி விடை தேடியது. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளநூல் அறிஞர்கள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்னும் முதியோர் இல்லத்தில் இதை நடத்தினர். ஒரு மாடியில் வசித்தவர்களிடம், ‘உங்கள் அறையும் உங்கள் பொழுதும் உங்கள் பொறுப்பு’ என்று கூறி, விரும்பியவர் ஒரு செடியைத் தாமே தேர்ந்தெடுத்துத் தாமே வளர்க்கும்படி தந்தனர். மற்றொரு மாடியில் வசித்தவர்களுக்கும் செடி தரப்பட்டது. ஆனால், ‘தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வர்’ என்று கூறப்பட்டது. சில வாரங்களில் முதல் மாடியினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்வோடும் காணப்பட்டனர். ஒன்றரை ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, முதல் குழுவில் 47 பேரில் 7 பேரும், இரண்டாம் குழுவில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர்.

இந்த எண்களை அளவுக்கு மீறிப் பெருக்கிச் சொல்பவர்கள் உண்டு. ஆராய்ந்தவர்களே பின்னர்க் கணக்கில் ஒரு திருத்தம் வெளியிட்டு, இறப்பில் கண்ட வேற்றுமை தாம் முதலில் கருதிய அளவு உறுதியானதன்று என்று ஒப்புக்கொண்டனர். ஆட்களின் தொகையும் சிறிது. ஆகவே, செடி வளர்த்தால் ஆயுள் நீளும் என்று இங்கு யாரும் வாக்களிக்க வேண்டா. நாம் கருத வேண்டுவது வேறொன்று. இரு மாடியிலும் செடி இருந்தது, வேறுபட்டது பொறுப்பே. ‘இது என் செடி, நான் மறந்தால் வாடிவிடும்’ என்று சொல்லும் உரிமை ஒரு சாராருக்கு இருந்தது.

இல்லத்திற்குள் வந்துசேரும் முதியவர் இழப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். உணவு கிடைக்கிறது, மருந்து கிடைக்கிறது, நல்ல இல்லமாயின் அன்பான சொல்லும் கிடைக்கிறது. எல்லாம் அவருக்குக் கொடுக்கப்படுகின்றன. அவர் கொடுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஐம்பது ஆண்டு பிறருக்குப் பரிமாறிய கைக்கு அது எளிய இழப்பன்று. தாம் வளர்த்த கறிவேப்பிலையைச் சமையலறைக்குக் கிள்ளிக் கொடுக்கும் மூதாட்டி, அன்று அந்த இல்லத்தில் உண்பவர் மட்டும் அல்லர், ஊட்டுபவரும் ஆவார்.

இது சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கத்தக்கதும் அன்று. 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். 2007 ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச்சட்டம், மாவட்டத்திற்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில், மாநில அரசுகள் அமைக்கலாம் என்று கூறுகிறது. இல்லங்கள் பெருகும். அவை எப்படிக் கட்டப்படும் என்பதே கேள்வி. நம் தமிழ்நாட்டில் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், 1978 இல் தோன்றிய ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை ஏற்படுத்தியது. ஒரே கட்டடத்துக் கூடமாக அமைக்காமல், திறந்த வெளியும் செடிகொடிகளும் உடைய ஒரு சிற்றூராக அதை அமைத்தார்கள். கடலுக்குத் தம்மவரைப் பறிகொடுத்த முதியவர்களுக்கு ஊர் என்ற ஒன்றைத் திருப்பித் தரும் முயற்சி அது.

கேரளத்தில் இதற்கு மற்றொரு துணையும் உண்டு. காய்கறிக்கு அண்டை மாநிலங்களை நம்பியிருந்த இம்மாநிலத்தில், 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில், மொட்டைமாடியிலும் முற்றத்திலும் பைகளில் காய்கறி வளர்க்கும் வழக்கம் அரசின் ஊக்கத்தால் பரவியது. ‘குரோ பேக்’ என்று எல்லோரும் சொல்லும் அந்த வளர்ப்புப் பையில், மண்ணும் தென்னைநார்க் கழிவும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, வெண்டையும் கத்தரியும் மிளகாயும் வைக்கிறார்கள். கேரளக் காய்கனி வளர்ச்சி மன்றத்தின் தலைமையிடம் கொச்சியிலுள்ள காக்கநாட்டிலேயே இருக்கிறது. ஆதலால் விதைக்கும் பைக்கும் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. அந்தப் பையை எடுத்துச் செங்கல் மேடையின்மேல் வைத்தால் கைக்கெட்டும் தோட்டத்தில் பாதி முடிந்தது.

மீதிப் பாதிக்குச் சில அளவுகள் வேண்டும். நின்றுகொண்டு வேலை செய்வோர்க்கு மண்ணின் மட்டம் இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்து பக்கவாட்டில் திரும்பிச் செய்வோர்க்கு இரண்டடி போதும். சக்கர நாற்காலி நேராக உள்ளே நுழைய வேண்டுமாயின், மேடை மேசைபோல் அடியில் வெறுமையாக, முழங்கால் புகும்படி இருக்க வேண்டும். பாத்தி சுவரை ஒட்டியதாயின் அகலம் இரண்டடிக்கு மேல் வேண்டா. இருபுறமும் கை நீட்டலாமாயின் நான்கடி வரை இருக்கலாம். நடைபாதை நான்கடி அகலம்; சக்கர நாற்காலி திரும்புமிடம் ஐந்தடிச் சதுரம். படி உள்ள இடத்தில் சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு; அதைவிடச் செங்குத்தானால் அது படியைவிட அபாயமானது.

கொச்சியின் மழையையும் மறத்தல் ஆகாது. ஜூன் முதல் பெய்யும் பெருமழையில் நடைபாதை பாசி பிடித்து வழுக்கும். ஆகவே சொரசொரப்பான தளமும் பிடித்து நடக்கக் கம்பியும் அவசியம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் கொசு பெருகும். தேங்கிய சேற்றில் இறங்குவோர்க்கு எலிக்காய்ச்சல் வரும் என்பது கேரளத்தார் நன்கு அறிந்த அச்சம். நீரிழிவு உடையவர் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடலாகாது. கருவிகள் இலேசானவையாகவும் கைப்பிடி தடித்தவையாகவும் இருக்கட்டும். குடத்தைத் தூக்கச் சொல்லாமல் குழாயை அருகில் கொண்டுவர வேண்டும். காலையும் மாலையும் அரைமணி போதும். அருகில் நிழலும் ஒரு பெஞ்சும் இருந்தால், வேலை செய்ய இயலாதவரும் வந்து அமர்ந்து குறை சொல்லலாம். தோட்டத்திற்கு அதுவும் வேண்டியதே.

விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தவும் கூடாது. வாழ்நாள் முழுவதும் கூலிக்கு மண்வெட்டிய ஒருவர், ‘இனியாவது என்னை விடுங்கள்’ என்றால் அதுவும் அவருடைய உரிமை. ஏழைவிடுதிகளின் தவறு அங்கேதான் தொடங்கியது. என்ன விதைப்பது, எப்போது பறிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பவற்றை வளர்ப்பவரே தீர்மானிக்க வேண்டும். மேலாளர் தீர்மானித்து முதியவர் நீரூற்றினால், ஆர்டன் ஹவுஸின் இரண்டாம் மாடியை நாம் வேறொரு விதத்தில் திரும்பக் கட்டியவர்களாவோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இச்செய்தி இரண்டு வகையில் உரியது. உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மில் பலருடைய பெற்றோர், ஒன்று ஊரில் ஏதேனும் ஓர் இல்லத்தில் இருக்கிறார்கள். அல்லது நம்மோடு வந்து, மொழி தெரியாத நகரத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். நாளை நாமும் மொழி வேறான ஓர் இல்லத்தில் முதுமையைக் கழிக்க நேரலாம். அங்கே செடி ஒரு மொழிபெயர்ப்பாளனின் வேலையைச் செய்யும். நம் முருங்கை மலையாளத்திற்கு முரிங்ங, வெண்டை அங்கு வெண்ட, கீரை அங்கு சீர, கறிவேப்பிலை கறிவேப்பில, புடலை படவலம். நாம் பூசணி என்பதை அவர்கள் கும்பளம் என்பர். நம் பரங்கி அவர்களுக்கு மத்தன். இந்தச் சொற்களை மாற்றிக்கொள்ளும் இரண்டு மூதாட்டிகள் தனித்திருப்பவர்கள் ஆகமாட்டார்கள்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நீங்கள் வாழும் நகரத்தில் ஓர் இல்லத்திற்குப் பிறந்தநாளிலோ நினைவு நாளிலோ ஒரு வேளைச் சாப்பாடு வழங்குவது வழக்கமாயிருக்கலாம். அடுத்த முறை செல்லும்போது அத்துடன் நான்கு வளர்ப்புப் பைகளும், ஒரு கூடைத் தொழுவுரமும், சிறிது கீரை விதையும் கொண்டு செல்லுங்கள். பைகளை வைக்க ஒரு மேடை அமைத்துத் தருவதற்கு நிர்வாகத்தாரின் அனுமதி பெறுங்கள். ஒவ்வொரு பையின்மேலும் அதை வளர்ப்பவரின் பெயரை எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பச் செல்லும்போது, அவர்கள் உங்களுக்கு ஒரு கைப்பிடிக் கீரை தருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.